ஒற்றைக் கம்பி ரயில்

போன மாதம் நம் வகுப்பு ஒன்றுகூடலில், முழங்கால் ஒப்பரேஷன்களையும் கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளையும் பேசித் தீர்த்த பிறகு, உங்களில் ஒருத்தி எழும்பி, "உன்ரை பெரியப்பா செய்து தந்த கரண்ட் ரயில் ஞாபகம் இருக்கே?" என்று கேட்டாள். மேசையைச் சுற்றியிருந்த அத்தனை தலைகளும் ஆடின. என் வாயில் வட்டிலப்பம் இருந்தது. அதை விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. கேட்டது யார் என்று எழுதப் போவதில்லை. அவளுக்குத் தெரியும்.

பிள்ளையளே, அந்த ரயிலைப் பெரியப்பா செய்யவில்லை. நான் செய்தேன். பெரியப்பா சொன்னபடி செய்த ரயில் ஒரு சுற்றும் ஒழுங்காக ஓடவில்லை. அறுபது தாண்டியபின் அடக்கம் காட்டி ஒன்றும் ஆகப் போவதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்து முடித்துவிட்டு வேண்டுமானால் மறுபடி தலையை ஆட்டுங்கள்.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத வருடங்கள் உங்களுக்கு மறந்திருக்காது. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை. டோர்ச் பற்றறி இருக்கிறதா என்று கேட்டால் கடை முதலாளி நம்மை மேலும் கீழும் பார்ப்பார். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை நேரே போய் ரயில் பாதையில் முட்டும். அதற்கப்பால் கருங்கல்லும் கடலும்தான். மரைன் டிரைவ் ரோட்டு அப்போது பிறக்கவே இல்லை. கடற்காற்று எங்கள் வீட்டில் இரும்பென்று எதையும் விட்டுவைக்காது. கேற் கொளுக்கி, ஜன்னல் கம்பி, அம்மாவின் தையல் மெஷின் கால், எல்லாம் கறள். ரயில் போகும்போது குசினித் தட்டுகள் கிலுகிலுக்கும். டீசல் மணமும் உப்பு மணமும் கலந்து வீட்டுக்குள் வரும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த மணம் அடித்தால் எனக்குப் பசிக்கிறது. பின்னேர ரயிலும் அம்மாவின் தேநீரும் ஒரே நேரத்தில் வந்து பழகிய குணம் அது.

அப்பாவுக்கு மட்டக்களப்புக்கு மாற்றம். அதனால் வீட்டில் பெரியப்பாதான் எல்லாம். அவர் கலியாணம் கட்டாதவர். கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் ஒரு பகுதிக்குத் தலைவர். வெள்ளை லோங்ஸ், வெள்ளைச் சேட்டு, இரண்டிலும் ஒரு கசங்கல்கூட இருக்காது. சைக்கிளிலேயே போய் வருவார். கொடுமைக்காரர் அல்ல, சத்தம் போடவும் மாட்டார். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது சட்டம். தான் பிழை என்ற சாத்தியம் அவர் மனதில் ஏறுவதற்கு யாரும் ஏணி வைத்ததில்லை.

அது நமக்குப் பாடம் பிரிக்கும் வருடம். நம் பாடசாலையில் மனையியல் இருந்தது, பௌதிகம் இல்லை. பௌதிகம் படிக்க விரும்பினால் வேறு பாடசாலைக்கு மாற வேண்டும். நான் பௌதிகம் என்று நின்றேன். மனையியலில் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் புட்டு அவிக்க என் வீட்டிலேயே நல்ல ஆசிரியை இருந்தா. கரண்ட் எப்படி ஓடுகிறது என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. அப்பாவுக்கு எழுதிக் கேட்டால் "அண்ணை சொல்லுறபடி செய்" என்று ஒதுங்கிக்கொண்டார். பெரியப்பா இரண்டு மூன்று நாள் யோசித்தார். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொன்னார்.

"பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு எலெக்ட்ரிக் ரயில் செய்யப் போறன் எண்டு திரியிறாய்தானே. அதை ஓட விட்டுக் காட்டு. ஓடினால் பௌதிகம். ஓடாட்டி மனையியல். பேந்து அழக் கூடாது."

நான் ஓம் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், அவசரப்பட்டு விட்டாயே என்று இருந்தது.

அம்மா பயந்ததில் நியாயம் உண்டு. இந்த நாட்டில் மின்சார ரயிலே கிடையாது. நான் அதை ஒரே ஓர் இடத்தில்தான் கண்டிருந்தேன். பெரியப்பாவின் கந்தோருக்கு யாரோ கொடுத்த வெளிநாட்டுக் கலண்டர் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. அதில் ஒரு மாதத்துக்குப் பனிமலை, பனிமலை நடுவே சிவப்பு எஞ்சின். புகைபோக்கி இல்லை. கூரையில் மட்டும் உடுப்புக் காயப்போடும் மடக்குச் சட்டம் மாதிரி ஒன்று நிமிர்ந்து, மேலே போகும் கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்த மாதம் முடிந்த பிறகும் தாளைக் கிழிக்க நான் விடவில்லை. எண்ணெய் ஊற்றாமல், கரி போடாமல், ஒரு கம்பியைத் தொட்டே மலை ஏறுகிறது என்றால், அதைவிட அதிசயம் எனக்கு வேறு இருக்கவில்லை.

பெரியப்பா அந்தப் படத்தில் எஞ்சினுக்கு மேலே விரலை வைத்து எண்ணினார். "பார். மேலை ஒரு கம்பி, கீழை ஒரு கம்பி. ரெண்டு. கரண்ட் எண்டால் போக ஒண்டு, வர ஒண்டு. ட்ரொலி பஸ்ஸிலையும் அப்பிடித்தான்."

ட்ரொலி பஸ் அவருடைய இளமைக் காலத்து வாகனம். பொரளையில் அறை எடுத்திருந்த நாட்களில் தினமும் அதில்தான் கந்தோருக்குப் போனாராம். நாம் விவரம் தெரியும் வயதுக்கு வருவதற்குள் அதை நிறுத்திவிட்டார்கள். சத்தமில்லை, புகையில்லை, கூரையில் இரண்டு நீளத் தடிகள், அவற்றுக்கு மேலே இரண்டு கம்பிகள். அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவருடைய முகம் இளகிவிடும். கொழும்பு ஒரு காலத்தில் எவ்வளவு முன்னுக்கு நின்றது என்பதற்கு அவரிடம் இருந்த சாட்சி அந்த பஸ்தான்.

எனக்குப் படத்தில் வேறொன்று தெரிந்தது. அந்த மேல் கம்பியையும் கீழ்க் கம்பியையும் இடைக்கிடை குட்டிக் கம்பிகளால் கட்டியிருந்தார்கள். ஒன்று போகிற கரண்டும் மற்றது வருகிற கரண்டும் என்றால் இப்படிக் கட்டிப் போட்டால் பற்றி எரியாதா? கேட்க வாய் திறந்தேன். அவர் கலண்டரை ஆணியில் மாட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆகவே முதல் ரயில் அவருடைய கட்டளைப்படி எழுந்தது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் எப்போதோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த விளையாட்டுக் காரின் மோட்டர் என்னிடம் இருந்தது. கார் உடைந்து போனாலும் மோட்டர் உயிரோடு கிடந்தது. பிஸ்கட் தகரம் உடம்பு. அம்மாவின் நூல் முடிந்த மரக்கட்டைகள் சில்லு. உடுப்புக் கொடிக்குக் கட்டும் தடித்த கம்பியை நீள்வட்டமாக வளைத்துத் தண்டவாளம். மேலே பக்கம் பக்கமாக இரண்டு செப்புக் கம்பிகள். கூரையில் ஒட்டிய மரத்துண்டில், உடைந்த குடையிலிருந்து எடுத்த இரண்டு குடைக் கம்பிகள் தடிகளாக நின்றன. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பெரியப்பா இரண்டு அடி பின்னே போய் நின்று, ட்ரொலி பஸ்ஸையே மறுபடி கண்டதுபோல ரசித்தார்.

பாடசாலையில் விஞ்ஞான டீச்சருக்கு ஓட்டிக் காட்டிய நாளில் மானம் கப்பலேறியது. வளைவு வந்ததும் ஒரு தடி கழன்றது. மாட்டினேன். மற்றது கழன்றது. அதை மாட்டும்போது இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. வீட்டு டோர்ச்சிலிருந்து எடுத்த பற்றறிகள் கையில் பிடிக்க முடியாமல் கொதித்தன. ரயில் நின்றது, பற்றறிகளும் செத்தன. டீச்சர் நல்லவ. ஓடாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா பார்வைக்கு வைக்கலாம் என்றா. எல்லாருக்கும் பரவாயில்லை. எனக்கு மட்டும் அடுத்த ஆண்டுப் படிப்பு முழுவதும் அந்த வட்டக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியப்பாவிடம் சொன்னபோது, தடிகளை இன்னும் இறுக்கமாகக் கட்டு என்றார். அன்றைக்கு இரவு படுக்கையில் நான் நினைத்தது, இவர் வேண்டுமென்றே என்னைத் தோற்கடிக்கிறார் என்று. இப்போது அப்படி நினைக்கவில்லை. நான் வெல்ல வேண்டும் என்றுதான் அந்த மனிதர் விரும்பியிருக்கிறார். தான் சொல்லும் வழியில் வெல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து மாமி வந்தா. மாமி என்றால் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. மாமா புறக்கோட்டையில் மொத்த வியாபாரம். மாமி வந்தால் வீட்டில் காற்றே மாறிவிடும். பனங்கட்டி, கச்சான், வெற்றிலை மணம், எல்லாவற்றிற்கும் மேலே அந்தக் குரல். தேநீர் குடித்துக்கொண்டே என் ரயிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதென்ன கரப்பான் மீசை மாதிரி ரெண்டு, ஒன்று போதாதா என்று கேட்டா. அவ்வளவுதான், சண்டை மூண்டது.

மாமி கலியாணம் கட்டிப்போன காலத்தில் கிராண்ட்பாஸ் பக்கம் ட்ராம் ஓடியதாம். அதில் தினமும் போய் வந்தாவாம். அதன் கூரையில் ஒரே ஒரு தடி. பெரியப்பா சிரித்தார். ஒரு தடியில் எந்தக் கரண்ட் வாகனமும் ஓடாது, நீ மற்றதைக் கவனித்திருக்க மாட்டாய் என்றார்.

"நான் என்ன குருடியே அண்ணை?" மாமி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தா. "ஒரு தடிதான். அது கழண்டால் கொண்டக்டர் கயித்திலை இழுத்து மாட்டுவான். எத்தினை நாள் மழைக்குள்ளை அதைப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பன்."

"ட்ராம் கிழட்டுச் சாமான். உனக்கு மறந்துபோச்சு" என்றார் பெரியப்பா.

அன்று அது கம்பியைப் பற்றிய சண்டை என்றே நினைத்தேன். பெரியப்பா அந்தக் கலியாணத்துக்குச் சம்மதிக்கவில்லை என்பதும், கந்தோர்க் குடும்பத்துப் பெண் கடைக்காரருக்கா என்று கேட்டார் என்பதும், கொட்டாஞ்சேனை வீட்டுக்கு அவர் போவதே இல்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ட்ரொலி பஸ் அவருடைய கொழும்பு. ட்ராம் மாமியின் கொழும்பு. அம்மா இரண்டு பேருக்கும் இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினா. கடைசியில் மாமி போகும்போது, மாமாவின் கடையில் ஒளித்துவைத்த பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பற்றறிகளை என் கையில் திணித்தா. என்மேல் பாசம் பாதி. அண்ணனைத் தோற்கடிக்கும் ஆசை மீதி.

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. அதுதான் என்னைத் தின்றது. இருவரும் கண்ணால் கண்டதையே சொல்கிறார்கள். அப்படியென்றால் ஒரு தடியிலும் ஓடும், இரண்டு தடியிலும் ஓடும். ட்ராமிடம் உள்ள, பஸ்ஸிடம் இல்லாத சங்கதி என்ன? பாடசாலைக்கு நடக்கும்போதும் இதே கேள்வி, தலை இழுத்துப் பின்னும்போதும் இதே கேள்வி.

பதில் பெரியப்பாவின் சைக்கிளில் இருந்தது. அவர் கந்தோரால் வர இருட்டிவிடும் என்பதால் சைக்கிளுக்கு டைனமோ லைற் பூட்டியிருந்தார். கடற்காற்றால் அது அடிக்கடி மங்கும். சனிக்கிழமை பின்னேரங்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ பூட்டிய இடத்தில் கறளையும் பெயின்ட்டையும் பேனாக்கத்தியால் சுரண்டுவார். பெடலைச் சுற்றுவது என் வேலை. அந்தச் சனிக்கிழமையும் சுற்றினேன். சுரண்டச் சுரண்ட லைற் பிரகாசமாக வந்தது. நான் டைனமோவைப் பார்த்தேன். அதிலிருந்து லைற்றுக்குப் போனது ஒரே ஒரு வயர்.

"பெரியப்பா, இதிலை ஒரு வயர்தானே இருக்கு?"

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அது சைக்கிள்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அது சைக்கிள்தான். இரும்புச் சைக்கிள். மற்ற வயர் எங்கேயும் போகவில்லை. அந்தச் சைக்கிளின் உடம்புதான் மற்ற வயர். கரண்ட் வயரால் போய் இரும்பால் திரும்பி வருகிறது. நடுவில் பெயின்ட் இருந்தால் வழி அடைபடும், சுரண்டினால் திறக்கும். அப்படியானால் ட்ராமின் சில்லு இரும்பு, அது நின்ற தண்டவாளமும் இரும்பு. தடியால் வந்த கரண்ட் மோட்டரைச் சுற்றிவிட்டு, சில்லால் இறங்கி, தண்டவாளத்தால் வீட்டுக்குப் போகிறது. ட்ரொலி பஸ்ஸுக்கு ரப்பர் டயர். ரப்பரால் கரண்ட் இறங்காது. பாவம், அதனால்தான் அதற்கு இரண்டாவது கம்பி. பெரியப்பாவும் சரி, மாமியும் சரி! என் மூத்த மகன் பிறந்தபோது எவ்வளவு சந்தோஷம் என்று கேட்டால், இந்தச் சனிக்கிழமை அளவுக்கு என்று சொல்வேன். அவன் இதை வாசிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்ற வேண்டியது கம்பி மட்டுமல்ல. என் ரயிலின் சில்லு மரக்கட்டை. மரத்தாலும் கரண்ட் இறங்காது. இரும்புச் சில்லுக்கு எங்கே போவது? அம்மாவின் தையல் மெஷின் லாச்சியில் இருந்தது விடை: பொபின். இரண்டு பக்கமும் விளிம்பு, நடுவில் துளை, முழுக்க உலோகம். தண்டவாளக் கம்பி அந்த விளிம்புகளுக்கு நடுவே கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அம்மாவிடம் நல்ல பொபின்கள் இருந்ததே கொஞ்சம். ஒழுங்கைப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவ. புதிதாக வாங்கக் கடையில் கிடையாது. நான் லாச்சியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அம்மா பக்கத்தில் வந்தா. விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஒரு பொபினை எடுத்து, அதில் சுற்றியிருந்த நூலைக் கழற்றத் தொடங்கினா. பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது.

"நாலு சில்லுக்கு நாலும் காணுமே?" என்றா.

அந்தக் கிழமை எங்கள் வீட்டுத் தையல் மெஷின் ஓடவில்லை. சட்டை கேட்டு வந்தவர்களுக்கு அம்மா மெஷின் பழுது என்று முகம் மாறாமல் சொன்னா.

குடைக் கம்பிகளைக் கழற்றி எறிந்தேன். பெரிய சேவ்டி பின் ஒன்றைத் திறந்து, தகரத்தைத் தொடாமல் கூரையின் மரத்துண்டில் நிறுத்தினேன். அதன் சுருள் எப்போதும் மேல்நோக்கித் தள்ளும். ஆகவே கம்பி கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அந்தப் பின் அதை விடாது. கலண்டர் எஞ்சினின் மடக்குச் சட்டம் செய்வதும் இதே வேலைதான் என்று அப்போது விளங்கியது. மோட்டரின் ஒரு வயர் சேவ்டி பின்னுக்கு, மற்றது சில்லின் அச்சுக்கு. பற்றறியின் ஒரு முனை மேல் கம்பிக்கு, மற்ற முனை மேல் பக்கத்தில் கறள் சுரண்டிய தண்டவாளத்துக்கு. குசினிக்குப் பின்னால் நிலத்தில் வைத்துச் சுவிச்சைப் போட்டேன். சேவ்டி பின்னில் நீலப் பொறி ஒன்று தெறித்தது. ரயில் ஓடியது. வளைவிலும் ஓடியது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தா. பெரியப்பாவிடம் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

இங்கே கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள விடுங்கள். பிற்காலத்தில் மின்சாரத்தைக் கட்டி மேய்ப்பதே என் தொழிலாயிற்று. சென்னையில் முதன்முதலாக உண்மையான மின்சார ரயிலைக் கண்டபோது எல்லாரும் பெட்டிக்குள் ஏற முண்டியடிக்க, நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காகம் ஏதாவது எச்சம் போட்டதா என்று என் கணவர் கேட்டார். பெரிய எஞ்சினிலும் கதை என் பிஸ்கட் தகரத்தின் கதைதான். ஒற்றைக் கம்பியால் மிகப் பெரிய மின்னழுத்தத்தில் கரண்ட் வருகிறது. கூரைச் சட்டம் அதைத் தடவி எடுக்கிறது. எஞ்சினுக்குள் அதை மோட்டருக்கு ஏற்றபடி இறக்குகிறார்கள். அச்சுகளில் பூட்டிய மோட்டர்கள் சுழல்கின்றன. பிறகு சில்லால் தண்டவாளத்துக்கு. கலண்டரில் பெரியப்பா எண்ணிய அந்த மேல் கம்பி இருப்பது, கீழ்க் கம்பியைத் தொய்யாமல் தாங்கிப் பிடிக்க மட்டும்தான். இறக்கத்தில் போகும்போது அதே மோட்டர் கரண்டை உண்டாக்கிக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கும் எஞ்சின்களும் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கை முனையில் குசினித் தட்டுகளைக் கிலுக்கிக்கொண்டு போன டீசல் எஞ்சின்களில் பலவற்றின் சில்லைச் சுற்றியதும் கரண்ட்தான். டீசல், கரண்டை உண்டாக்கும் இயந்திரத்தை ஓட்டியது; சில்லை ஓட்டியது மின்மோட்டர். மின்சார ரயிலே இல்லாத நாடு என்று கலண்டரைப் பார்த்து ஏங்கினேன். பாதி மின்சார ரயில் தினமும் தேநீர் நேரத்துக்கு வாசலால் போயிருக்கிறது.

இனிக் கண்காட்சி நாள். கல்விக் கந்தோர் அதிகாரி ஒருவர் பிரதம விருந்தினர். பிரதம விருந்தினர் வருகிறார் என்றால் நம் பாடசாலையில் என்ன நடக்கும்? முதல் நாளே பூச்சட்டிகளுக்குச் சிவப்பு, கல்லுகளுக்கு வெள்ளை, அசையாத சாமான் எல்லாவற்றுக்கும் பெயின்ட். நான் என் தண்டவாளத்தை மேசையில் பூட்டி வைத்துவிட்டு, ரயிலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். காலையில் வந்து பார்க்கிறேன், தண்டவாளம் வெள்ளியாகப் பளபளக்கிறது. கொடிக் கம்பி கறளாக இருக்கிறது, பெரிய மனிதர் வரும் இடத்தில் அவலட்சணம் என்று டீச்சர் அதற்கும் சில்வர் பெயின்ட் அடிப்பித்திருந்தா. "வடிவா இருக்குதே?" என்று ஆசையோடு கேட்டா.

ரயிலை வைத்துச் சுவிச்சைப் போட்டேன். அசையவில்லை. பெயின்ட். நிலத்தில் உட்கார்ந்து அழுதிருப்பேன், ஆனால் அழுதால் மனையியல். தலையிலிருந்து கிளிப்பைப் பிடுங்கிச் சுரண்டத் தொடங்கினேன். பெயின்ட் தடிப்பு, கிளிப் வளைந்தது. மண்டபத்தின் வாசலில் விருந்தினருக்கு மாலை போடும் கைதட்டல் கேட்டது. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வந்து மேசைக்கு முன்னால் நின்றார். லோங்ஸில் ஒரு கசங்கலில்லை. மேலே பார்த்தார். ஒரே ஒரு கம்பி.

"மற்றக் கம்பி எங்கை?"

"தண்டவாளம்தான் மற்றக் கம்பி, பெரியப்பா" என்றேன். சுரண்டுவதை நிறுத்தவில்லை. "ட்ரொலி பஸ்ஸுக்கு ரப்பர் டயர். இதுக்கு இரும்புச் சில்லு. உங்கடை சைக்கிள் மாதிரி. பெயின்ட் அடிச்சுப்போட்டினம், கரண்ட் இறங்குதில்லை."

அவர் குனிந்து பொபின் சில்லைப் பார்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். வளைந்துபோன என் கிளிப்பைப் பார்த்தார். எத்தனை வருடமாகத் தன் கையால் சுரண்டியிருப்பார், ஏன் என்று ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார். அவருடைய முகத்தில் அது விளங்கிய கணத்தை நான் நேரே கண்டேன். அதைக் கண்டவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

பெரியப்பா பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். வெள்ளை லோங்ஸோடு சீமெந்துத் தரையில் முழங்காலில் இருந்தார். மேசை உயரம் குறைவு என்பதால் கை எட்டியது. நான் ஒரு பக்கமிருந்து, அவர் மறுபக்கமிருந்து. "மேல் பக்கம் மட்டும் காணும், கரையை விடு" என்றார். வேலை வாங்கும் குணம் அப்போதும் போகவில்லை. சில்வர் தூள் அவருடைய சேட்டு, மூக்கு, முழங்கால் எல்லாம் ஒட்டியது. நீங்கள் மண்டபத்துக்குள் ஓடி வந்தபோது கண்ட காட்சி அதுதான். தரையில் முழங்காலிட்டு, உடம்பெல்லாம் பெயின்ட்டோடு என் ரயிலில் வேலை செய்யும் பெரியப்பா. அதனால்தான் அவர் செய்த ரயில் என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தீர்கள். உங்களையும் குறை சொல்ல முடியாது.

அதிகாரி பக்கத்து மேசையில் முட்டைக்கோதுப் பூக்களைப் பாராட்டிக்கொண்டிருக்கும்போது இருவர் கையும் கடைசிப் பெயின்ட் துண்டில் சந்தித்தன. எழுந்து நின்றோம். சுவிச்சைப் போட்டேன்.

பொறி தெறித்தது. பிஸ்கட் தகரம் ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. முதல் வளைவு. இரண்டாம் வளைவு. நீங்கள் கத்திய கத்தலில் பாடசாலை அதிபர் திரும்பிப் பார்த்தா. சுற்றி வந்து மறுபடி சுற்றியது, மறுபடியும் சுற்றியது. அந்த நிமிடம் நான் பட்ட பெருமையை இன்றைக்கும் யாரிடமும் கடன் வாங்கத் தேவையில்லை. அவ்வளவு இன்னும் மிச்சம் இருக்கிறது.

அதிகாரி குனிந்து மேலும் கீழும் பார்த்தார். கரண்டுக்கு இரண்டு கம்பி வேண்டுமே, இதில் மற்றது எங்கே என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார். இரும்புச் சில்லு, இரும்புத் தண்டவாளம், ட்ரொலி பஸ்ஸுக்கு ரப்பர் என்று நான் சற்று முன்னர் சொன்னதை, பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் மாதிரி மளமளவென்று சொல்லி முடித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதிகாரி அவருடைய மூக்கிலிருந்த சில்வர் தூளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நல்ல வேலை, நீங்களே செய்து கொடுத்தீர்களா என்று கேட்டார்.

பெரியப்பா நிமிர்ந்து நின்றார்.

"இல்லை சேர். நான் சொன்னபடி செய்தது ஓடேல்லை" என்றார். மண்டபத்துக்கே கேட்கும் குரல்; நீங்கள் போட்ட கூச்சலில் உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. "இது பிள்ளை தானே யோசிச்சுச் செய்தது. அடுத்த வருஷம் பௌதிகம் படிக்கப் போறாள்."

என்னிடம் அவர் அதை ஒரு நாளும் நேரே சொல்லவில்லை. முன்பின் தெரியாத அந்த மனிதரிடம்தான் சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போகத் திரும்பினார். பெரியப்பா விடவில்லை.

"கொஞ்சம் நில்லுங்கோ சேர்" என்றார். "இன்னொருக்கா ஓடுறதைப் பாத்திட்டுப் போங்கோ."